குடிநீர் இல்லாத இடத்தில் கட்டிய நகரங்கள்

வெனிஸ் நகரத்தில் பல சதுக்கங்களின் நடுவில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு கல் உருளை நிற்கும். பக்கங்களில் சிங்கமுகம், இலைக்கொடி, கட்டிக்கொடுத்த குடும்பத்தின் சின்னம் என்று செதுக்கு வேலை. மேலே இரும்பு மூடி. சுற்றுலாப் பயணிகள் அதன்மேல் பையை வைத்துவிட்டு வரைபடத்தைப் பார்க்கிறார்கள். குழந்தைகள் அதன் படியில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்கள். குனிந்து அதன் விளிம்பைப் பார்த்தால், கல்லின் உள்ளோரத்தில் விரல் பதியும் ஆழத்துக்கு வழவழப்பான பள்ளங்கள் வரிசையாகத் தெரியும். கிணற்றடியில் வளர்ந்தவர்களுக்கு அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. கயிறு தேய்த்த தடம்.

கிணறு என்றால் சாதாரண விஷயம்தானே என்று தோன்றலாம். ஆனால் இந்த ஊர் இருப்பது கடற்கழிக்கு நடுவே. உப்புச் சேற்றில் மரக்கம்பங்களை நெருக்கமாக அடித்து இறக்கி, அவற்றின்மேல் கல் அடுக்கி, அதன்மேல் எழுப்பிய ஊர். இங்கே எந்த இடத்தில் தோண்டினாலும் நாலு முழத்துக்குள் உப்புத் தண்ணீர்தான் வரும். ஆறு கிடையாது, ஊற்று கிடையாது, ஏரி கிடையாது. அப்படியிருந்தும் ஐரோப்பாவின் மிகப் பெரிய நகரங்களில் ஒன்றாக, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மக்களோடு, பல நூற்றாண்டுகள் இந்த ஊர் வாழ்ந்தது. 1858-இல் நகராட்சி எடுத்த கணக்கில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட கிணறுகள் இருந்தன. அவற்றில் ஒன்றுக்குக்கூட நிலத்தடி ஊற்று இல்லை. எல்லாவற்றிலும் இருந்தது மழைத் தண்ணீர்.

அந்தக் கிணற்றை எப்படிக் கட்டினார்கள் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பழைய ஐரோப்பியக் கட்டடக் கலையைப் பற்றிப் பேசும்போது கோபுரங்களையும் குவிமாடங்களையும்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அவற்றைவிட இந்தக் கிணறு பெரிய வியப்பு.

முதலில் சதுக்கத்தின் தளத்தை முழுக்கப் பெயர்த்துவிட்டு, ஐந்தாறு மீட்டர் ஆழத்துக்கு அகலமான குழி வெட்டுவார்கள். கடல்மட்டத்துக்கும் கீழே போகிற குழி. ஆகவே தோண்டத் தோண்டக் கசியும் உப்புநீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். குழியின் அடியிலும் பக்கச் சரிவுகளிலும் நன்கு பிசைந்த களிமண்ணைக் கனமாக அப்பி இறுக்குவார்கள். வெளியே இருக்கும் உப்புநீர் உள்ளே வராமலும், உள்ளே சேரும் நல்ல நீர் வெளியேறாமலும் காப்பது இந்தக் களிமண் உறைதான். அடியின் நடுவில் ஒரு கல் பலகையைப் போட்டு, அதன்மேல் வளைவான செங்கற்களால், தண்ணீர் கசிந்து உள்ளே வரக்கூடிய விதத்தில், உறைக்கிணறு போல ஒரு குழலைத் தரைமட்டம் வரை எழுப்புவார்கள். அந்தக் குழலுக்கும் களிமண் சுவருக்கும் இடைப்பட்ட இடம் முழுவதையும் சுத்தமான மணலால் நிரப்புவார்கள். மணல் நிரப்பிய பெரிய அண்டாவைத் தரைக்குள் புதைத்து, அதன் நடுவே ஒரு குழாயை நிறுத்தி வைத்தது போன்ற ஏற்பாடு.

அதற்குமேல் மறுபடியும் தளக்கல் பாவுவார்கள். கண்ணுக்குச் சமதளமாகத் தெரியும் அந்தத் தளம் உண்மையில் மெல்லிய சரிவு கொண்டது. கிணற்றைச் சுற்றி இரண்டு அல்லது நான்கு இடங்களில் துளையிட்ட வெள்ளைக் கற்கள் பதிக்கப்பட்டிருக்கும். மழைநீர் ஓடிப்போய் அந்தத் துளைகளில் இறங்கும். சுற்றியுள்ள வீட்டுக் கூரைகளின் நீரும் குழாய் வழியே அங்கேதான் வந்து சேரும். துளைக்கல்லுக்குக் கீழே அடிப்பக்கம் திறந்த ஒரு சிறு செங்கல் அறை. அதிலிருந்து நீர் மணலுக்குள் இறங்கி, மெல்ல மெல்ல நடுக்குழலை நோக்கி நகர்ந்து, செங்கல் வழியே கசிந்து, வாளிக்குக் கிடைக்கும்.

ஏன் மணல்? வெறும் தொட்டியாக விட்டிருந்தால் இன்னும் அதிக நீர் பிடிக்குமே என்று கேட்கலாம். மணலின் இடுக்குகள் அதன் மொத்தக் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்குதான். மீதி இரண்டு பங்கு இடம் வீண் என்றுதான் முதலில் படும். ஆனால் அந்த மணல் பல வேலைகளை ஒரே நேரத்தில் செய்கிறது. நீரை வடிகட்டுகிறது. மேலே உள்ள தளத்தைத் தாங்குகிறது. அதனால் வளைவுக் கூரை எதுவும் கட்டத் தேவையில்லை. வெளிச்சம் படாமல் காப்பதால் பாசி பிடிப்பதில்லை. நீரின் பரப்பு திறந்து கிடக்காததால் ஆவியாதலும் குறைவு. எல்லாவற்றையும்விட முக்கியமானது வேறொன்று. வெற்றுக் குழியாக இருந்தால், வெளியிலிருந்து அழுத்தும் உப்புநீர் அந்தக் களிமண் சுவரை உள்ளே தள்ளிச் சரித்துவிடும். உள்ளிருக்கும் மணலின் எடைதான் சுவரை அதன் இடத்தில் நிறுத்துகிறது. ஒரு பொருளை வைத்து ஐந்து சிக்கல்களைத் தீர்த்திருக்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர், ஆழம் நான்கு மீட்டர் கொண்ட ஒரு மணற்குழி என்று வைத்துக்கொண்டால், அதன் கொள்ளளவு 400 கன மீட்டர். இடுக்குகளில் நிற்கும் நீர் சுமார் 130 கன மீட்டர், அதாவது ஒரு லட்சத்து முப்பதாயிரம் லிட்டர். வெனிஸில் ஓர் ஆண்டுக்குப் பெய்யும் மழை ஏறக்குறைய 800 மில்லிமீட்டர். முப்பது மீட்டருக்கு முப்பது மீட்டர் பரப்புள்ள சதுக்கத்தில் மட்டும் ஆண்டுக்கு ஏழு லட்சம் லிட்டர் விழுகிறது. கூரைகளைச் சேர்த்தால் இன்னும் அதிகம். சென்னையில் சராசரியாக ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது என்பதையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம்.

கட்டுமானம் இதோடு முடிந்தது. ஆனால் கிணறு இதோடு முடியவில்லை. பொதுக் கிணறுகளின் மூடி பூட்டப்பட்டிருக்கும். சாவி அந்தந்தத் திருச்சபை வட்டாரத்தின் பொறுப்பாளரிடம். காலையிலும் மாலையிலும் மணி அடித்து மூடியைத் திறப்பார்கள். மக்கள் வந்து இறைத்துக்கொள்வார்கள். பிறகு மறுபடி பூட்டு. சதுக்கத்தின் தளத்தில் அழுக்குப் பண்டம் வைக்கக்கூடாது, கிணற்றைச் சுற்றி அசுத்தம் செய்யக்கூடாது என்று கட்டுப்பாடுகள் இருந்தன. அவற்றுக்கு வெளிப்படையான காரணம் உண்டு: நடக்கிற தளமே நீர்பிடிப்புப் பரப்பு. இன்றைக்குக் கொட்டுகிற கழிவு அடுத்த மழையில் குடத்துக்கு வந்துவிடும். வெள்ளம் உயர்ந்து கடல்நீர் துளைக்கல் வழியே இறங்கிவிட்டால் கிணறு கெட்டது. மணலை அள்ளி வெளியே போட்டுப் புது மணல் நிரப்ப வேண்டும். இதற்கெல்லாம் ஆள், பணம், மேற்பார்வை வேண்டும். வெனிஸ் குடியரசின் அரசாங்கம் அந்தப் பொறுப்பை அதிகாரிகளிடம் ஒப்படைத்திருந்தது.

மழை பொய்த்த காலங்களில் என்ன செய்தார்கள்? படகுகளில் ப்ரெந்தா ஆற்று நீரைக் கொண்டுவந்து கிணறுகளில் ஊற்றினார்கள். அதற்கென்றே தண்ணீர்ப் படகுக்காரர்களின் சங்கம் ஒன்று இருந்தது. அந்த நீரும் மணல் வழியேதான் வாளிக்கு வந்தது. 19-ஆம் நூற்றாண்டில், மலைநாட்டிலிருந்து பிழைக்க வந்த பெண்கள் தோளில் வளைந்த கழியும் அதன் இரு முனைகளிலும் செம்பு வாளிகளுமாக, ஆட்சியாளர் மாளிகையின் முற்றத்தில் இருக்கும் வெண்கல விளிம்பு வைத்த கிணறுகளிலிருந்து இறைத்து வீடு வீடாக விற்றார்கள். கிணற்றின் அழகைப் பேசும்போது அந்தத் தோள்களையும் சேர்த்தே பேச வேண்டும்.

1884-இல் நிலப்பகுதியிலிருந்து குழாய் மூலம் குடிநீர் வந்தது. மக்களுக்கு அது பெரிய விடுதலை, அதில் சந்தேகமில்லை. கிணறுகள் மூடப்பட்டன. மழைநீர் அதன்பிறகு கால்வாய்களில் ஓடியது. கதையின் திருப்பம் பிறகுதான் வருகிறது. எதிர்க்கரையில் மார்கெராவில் வளர்ந்த தொழிற்சாலைகள் நிலத்தடியிலிருந்து ஏராளமான நன்னீரை இறைத்தன. நீர் போன மண்படிவம் அழுந்தியது. 1950-க்கும் 1970-க்கும் இடைப்பட்ட காலத்தில் இந்த இறைப்பினால் வெனிஸ் பத்து சென்டிமீட்டர் அளவுக்குத் தாழ்ந்தது. மற்ற ஊர்களுக்குப் பத்து சென்டிமீட்டர் பொருட்டில்லை. கடல்மட்டத்தை ஒட்டி நிற்கும் ஊருக்கு அது பேரிழப்பு. 1966 நவம்பர் 4 அன்று 194 சென்டிமீட்டர் உயரத்துக்கு வந்த வெள்ளம் உலகத்தையே உலுக்கியது. அதற்குப் பிறகுதான் நிலத்தடி நீர் இறைப்பைக் கட்டுப்படுத்தினார்கள், தாழ்வதும் மட்டுப்பட்டது. மழையையும் ஆற்று நீரையும் குடித்தவரை அந்த ஊர் தன் காலடி மண்ணின் நீரை நம்பி வாழ்ந்ததில்லை.

தெற்கே தஸ்கனியில் சியேனா என்ற ஊர் இருக்கிறது. இதன் சிக்கல் நேர்மாறானது. கடல் இல்லை, மலைமுகட்டின் மேல் ஊர். போட்டி நகரமான ஃப்ளோரன்ஸுக்கு ஆர்னோ ஆறு இருந்தது. சியேனாவுக்கு ஆறே இல்லை. மலைக்கு அடியில் தியானா என்ற ரகசிய ஆறு ஓடுவதாக நம்பி அதைத் தேடி அலைந்தார்கள். அதைச் சொல்லித் தாந்தே தன் காவியத்தில் அவர்களைக் கேலியும் செய்திருக்கிறார். ஆறு கிடைக்கவில்லை. ஆனால் தேடியவர்கள் தோண்டி வைத்த சுரங்கங்கள் ஆற்றைவிடப் பயன்பட்டன.

சியேனாவின் மலை மேலே மணற்கல்லாலும் மணலாலும் ஆனது, கீழே களிமண். மழைநீர் மணற்படிவத்தில் இறங்கிக் களிமண்ணைத் தொட்டதும் மேற்கொண்டு இறங்க வழியில்லாமல் அங்கேயே பக்கவாட்டில் பரவும். அந்தச் சந்திப்பை ஒட்டி மலைக்குள் கிடையாகச் சுரங்கம் வெட்டினால், சுவரிலும் கூரையிலும் இருந்து நீர் சொட்டும். ஒவ்வொரு சொட்டும் அற்பம்தான். ஆனால் சுரங்கங்களின் மொத்த நீளம் சுமார் 25 கிலோமீட்டர்! பெரும்பகுதி 13, 14-ஆம் நூற்றாண்டுகளில் கைக்கருவிகளால் வெட்டியது. உள்ளே ஓர் ஆள் நிமிர்ந்து நடக்கலாம்; இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். தரையின் நடுவே ஒரு சாண் அகலத்தில் சிறு வாய்க்கால். அதில் நீர் அவசரமே இல்லாமல் போகும். சரிவு ஆயிரம் மீட்டருக்கு ஒரு மீட்டர் அளவுதான். எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில், மலையின் வயிற்றுக்குள், இவ்வளவு மென்மையான சரிவை எப்படித் தவறாமல் பிடித்தார்கள் என்பது இன்றைய பொறியாளர்களையும் வியக்க வைக்கிறது. வேகம் கூடினால் நீர் வாய்க்காலை அரித்துவிடும். குறைந்தால் மண் படிந்து அடைத்துக்கொள்ளும். இடையிடையே சிறு தொட்டிகள் வைத்து, நீர் கொஞ்சம் நின்று வண்டலை இறக்கிவிட்டுப் போகும்படி செய்திருக்கிறார்கள்.

சுரங்கம் பாதி அதிசயம் என்றால், அந்த நீர் வெளியே வரும் இடம் மீதிப் பாதி. ஃபோன்தெபிராந்தா என்ற நீர்மாடம் ஊரின் சரிவில், மூன்று கூர்வளைவுகளோடு ஒரு சிறு கோட்டை போல நிற்கிறது. இன்றைய உருவம் 1246-இல் கட்டியது. உள்ளே தொட்டிகள் வரிசையாக இருக்கின்றன. மலைக்குள்ளிருந்து வரும் நீர் முதலில் விழும் தொட்டி குடிப்பதற்கு மட்டும். அது நிறைந்து வழிந்தால் அடுத்த தொட்டி, அது கால்நடைகளுக்கு. அதிலிருந்து வழிவது துணி துவைக்கும் தொட்டிக்கு. துவைத்த நீரும் வீணாவதில்லை. கீழே சரிவில் இருந்த தோல் பதனிடுவோர், சாயம் போடுவோர், கம்பளி அடிப்போர் பட்டறைகளுக்குப் போனது. அதையும் தாண்டிய நீர் ஆலைச் சக்கரங்களைச் சுற்றியது. இத்தாலியின் காவல் புனிதர்களில் ஒருவரான சியேனாவின் காதரின் இந்த ஃபோன்தெபிராந்தா சரிவில் வாழ்ந்த சாயக்காரர் ஒருவரின் மகள்தான்.

ஒரே நீரை நான்கைந்து முறை பயன்படுத்துவதற்கு இங்கே மின்விசை இல்லை, இயந்திரம் இல்லை, சுத்திகரிப்பு நிலையம் இல்லை. தொட்டிகளின் உயர வித்தியாசம் மட்டும்தான் இருந்தது. எந்த வேலைக்கு எவ்வளவு தூய்மை தேவையோ அந்த வரிசையில் தொட்டிகளை அடுக்கிவிட்டார்கள். இன்றைக்கு ஒரு வீட்டில் கழிப்பறையில் ஊற்றுவதும் குடிப்பதும் ஒரே குழாய் நீர்தான். குடிக்கும் தரத்துக்குச் சுத்திகரித்து, பல கிலோமீட்டர் தூரம் மேடேற்றி அனுப்பிய நீரின் பெரும்பகுதியை நாம் அப்படியே சாக்கடைக்கு அனுப்புகிறோம். சியேனாக்காரர் ஒருவருக்கு இதை விளக்கிப் புரியவைப்பது கடினம்.

வரிசை குலையாமல் இருக்க விதி வேண்டும் அல்லவா? குடிநீர்த் தொட்டியில் துவைப்பதும் கழுவுவதும் தண்டனைக்குரிய குற்றம். 1309-10இல் சியேனா தன் நகரச் சட்டத் தொகுப்பை லத்தீனிலிருந்து மக்கள் பேசும் மொழிக்குக் கொண்டுவந்து எழுதி வைத்தது. லத்தீன் தெரியாத ஏழை எளியவரும் வந்து படித்துப் பார்த்துக்கொள்ளும்படி பெரிய, தெளிவான எழுத்தில் அது இருக்க வேண்டும் என்று ஏற்பாடு. வரி, வழக்கு, காவலோடு நீர்மாடங்களைப் பேணுவதும் அதில் இருக்கிறது. ஊரின் தண்ணீர் விதியை ஊரார் எல்லோரும் படிக்க முடிந்தது என்பது, என் பார்வையில், அந்த மூன்று வளைவுகளுக்கு ஈடான வடிவமைப்பு. சுரங்கத்துக்குள் இறங்கிச் சுண்ணப் படிவத்தைச் சுரண்டி எடுப்பதற்கும் சம்பளம் கொடுத்து ஆட்களை வைத்திருந்தார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொலைவிலிருந்து குழாய்நீர் வரும்வரை சியேனா பெரும்பாலும் இந்தச் சொட்டுகளால்தான் வாழ்ந்தது. ஊரின் நடுச் சதுக்கத்திலுள்ள ஃபோன்தே காயாவில் இன்றும் விழுவது சுரங்க நீர்தான்.

இந்த இரண்டு ஊர்களை மட்டும் சொல்லி நிறுத்தினால் பழையது எல்லாம் பொன் என்று ஆகிவிடும். அதனால் மதேராவைச் சொல்லியாக வேண்டும்.

இத்தாலியின் தெற்கில் புலியா, பசிலிகாதா பகுதிகள் சுண்ணாம்புக்கல் நிலம். பெய்கிற மழை வெடிப்புகளில் இறங்கி மறைந்துவிடும். மேற்பரப்பில் நீரோட்டம் அரிது. புலியாவின் அல்பெரொபெல்லோவில் கூம்புக் கூரை வைத்த கல்வீடுகளைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். காரை இல்லாமல் கல்லின்மேல் கல் அடுக்கிய வீடுகள் அவை. கூரையில் விழும் மழை கல் தூம்பு வழியாக நிலவறைத் தொட்டிக்குப் போகும். அந்தத் தொட்டியை வெட்டும்போது கிடைத்த கல்லே வீட்டின் சுவராகிவிடும். செலவும் மிச்சம், சுமக்கும் வேலையும் மிச்சம்.

மதேரா இதைவிடத் துணிச்சலானது. ஆழமான பள்ளத்தாக்கின் விளிம்பில், மென்மையான சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து குடைந்து உருவான ஊர். ஒருவர் வீட்டுக் கூரையின்மேல் அடுத்தவர் நடக்கும் தெரு. பாறைக்குள் சில மீட்டர் போய்விட்டால் வெளியே வெயிலானாலும் பனியானாலும் உள்ளே ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலை. பாறையின் பருமன் கோடையையும் குளிரையும் உள்ளே வரவிடாது. மலைச்சரிவு முழுக்கக் கோடு கோடாக வாய்க்கால்கள் செதுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் மழைநீரைப் பிடித்து, மணி வடிவில் குடைந்த நிலவறைத் தொட்டிக்குக் கொண்டுபோகும். அது நிறைந்தால் கீழ்த்தொட்டிக்கு. சில வீடுகள் சேர்ந்து ஒரு முற்றம், அந்த முற்றத்துக்கு ஒரு தொட்டி. ரொட்டி சுடும் அடுப்பும் பொதுவில்தான். சுட்ட ரொட்டி மாறிப்போகாமலிருக்க ஒவ்வொரு குடும்பமும் செதுக்கிய மர முத்திரையை மாவில் பதித்து அனுப்பும். ஓர் அடுப்பைப் பல வீடுகள் பகிர்ந்துகொண்டால் எவ்வளவு விறகு மிச்சம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அதுவும் மரம் குறைந்த நிலத்தில்.

தொட்டிகளின் உட்சுவரில் நீர் ஒழுகாமலிருக்கப் பூசியது சுண்ணாம்போடு இடித்த ஓட்டுத்தூளும் செங்கல்தூளும் கலந்த சாந்து. ரோமானியர் காலத்துக் கைமுறை. வெறும் சுண்ணாம்பு காற்றில் உள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் இறுகும். நீருக்கடியில் அதற்கு வழியில்லை. சுட்ட களிமண்ணில் உள்ள சிலிக்காவும் அலுமினாவும் சேர்ந்துவிட்டால் சுண்ணாம்பு அவற்றோடு வினைபுரிந்து ஈரத்திலேயே கெட்டிப்படும். தமிழ்நாட்டுக் கொத்தனார்கள் சுர்க்கி என்று சொல்வது இதே செங்கல்தூளைத்தான். 1895-இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்துக் கட்டியது என்பது பலருக்கும் தெரிந்திருக்கும்.

மதேராவின் நடுச் சதுக்கத்துக்கு அடியில் பலோம்பாரோ லுங்கோ என்ற பெருந்தொட்டி இருக்கிறது. அதன் கொள்ளளவு ஏறக்குறைய 50 லட்சம் லிட்டர். பாறைத் தூண்கள் தாங்கும் கூரை, பதினைந்து மீட்டரை எட்டும் ஆழம். குழாய்நீர் வந்த பிறகு ஊரே அதை மறந்துவிட்டது. 1991-இல்தான் மறுபடி கண்டுபிடித்தார்கள். மக்களின் காலுக்கடியில் ஒரு மண்டபம் அளவுக்கு நீர் நின்றிருக்க, ஒரு தலைமுறைக்குமேல் அதை யாரும் நினைக்காமல் இருந்திருக்கிறார்கள்.

இவ்வளவு நுட்பமான ஊருக்கு என்ன நேர்ந்தது? 1806-இல் பசிலிகாதாவின் தலைநகரம் மதேராவிலிருந்து பொதென்சாவுக்கு மாறியது. ஊரின் செல்வாக்குக் குறைந்தது. வசதியுள்ளவர்கள் மேட்டுச் சமவெளியில் கட்டிக்கொண்டு போனார்கள். மேய்ச்சல் பொருளாதாரம் நொடித்தது. ஆனால் மக்கள்தொகை கூடிக்கொண்டே போனது. இடம் போதாமல் தொழுவங்களையும் சேமிப்பு அறைகளையும் கடைசியில் தண்ணீர்த் தொட்டிகளையும்கூட வீடாக்கினார்கள். தொட்டி என்பது ஈரம் தங்குவதற்காகவே செதுக்கிய இடம். அங்கே வெளிச்சம் வராது, காற்றும் ஓடாது. அதற்குள் ஒரு குடும்பமும் அவர்களுடைய கோவேறு கழுதையும் கோழிகளும் சேர்ந்து வாழ்ந்தன. நீர் பிடிக்கும் கலம் குறைந்தது, கழிவு கூடியது. கழிவையும் வண்டலையும் தோட்டங்களுக்குக் கொண்டுபோன பழைய ஓடைகளைப் பிறகு மூடிச் சாலை போட்டார்கள். மலேரியாவும் குழந்தைச் சாவும் அந்த ஊரின் அடையாளமாயின.

முசோலினி அரசால் அந்தப் பகுதிக்குத் தண்டனையாக அனுப்பப்பட்டிருந்த எழுத்தாளரும் ஓவியருமான கார்லோ லேவி 1945-இல் வெளியிட்ட நூலில் இந்த நிலையை எழுதியதும் இத்தாலியே வெட்கப்பட்டது. 1952-இல் தனிச் சட்டம் இயற்றி, சுமார் 15,000 பேரைக் குகை வீடுகளிலிருந்து புதுக் குடியிருப்புகளுக்கு மாற்றினார்கள். ஊர் காலியாகக் கிடந்தது. பிறகு பியெத்ரோ லௌரியானோ என்ற கட்டடக் கலைஞர், இந்த அவலத்துக்கு அடியில் ஒரு மாபெரும் நீர் அமைப்பு இருக்கிறது என்று எடுத்துக்காட்டினார். 1993-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. தேசத்தின் அவமானம் என்று சொல்லப்பட்ட ஊர் 2019-இல் ஐரோப்பாவின் பண்பாட்டுத் தலைநகரங்களில் ஒன்று.

ஒரே பாறை, ஒரே குகை, ஒரே மழை. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான மக்களைத் தாங்கிய வடிவமைப்பு, இன்னொரு காலத்தில் நோய்க்கிடங்கானது. கல்லில் எந்தக் குறையும் வரவில்லை. ஒரு தொட்டியை இத்தனை வீடுதான் பகிர வேண்டும், தொட்டி தொட்டியாகவே இருக்க வேண்டும், ஓடை திறந்தே இருக்க வேண்டும் என்ற ஏற்பாடு, வறுமையின் அழுத்தத்தில் உடைந்தது. பழைய ஐரோப்பிய நகரங்களிடமிருந்து கற்கப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் தடித்த சுவரையும் குறுகிய தெருவையும் முற்றத்தையும் அளந்துகொண்டு திரும்பிவிடுகிறார்கள். அவை கண்ணுக்குத் தெரிபவை, புகைப்படத்துக்கு அகப்படுபவை. வெனிஸின் சாவிக்காரரும், சியேனாவின் சுண்ணம் சுரண்டுகிறவரும், மதேராவின் முற்றத்துக் குடும்பங்களும் எந்த வரைபடத்திலும் இல்லை. கட்டடத்தில் பாதி அவர்கள்தான் என்று நான் நினைக்கிறேன்.

நம் பக்கத்தில் ஏரிகளைத் தூர்வாரி மதகைச் சரிசெய்யும் வேலையை ஊராரே குடிமராமத்தாகச் செய்தார்கள். அதனால்தான் ஏரிகள் நிலைத்து நின்றன. 2003-இல் தமிழ்நாடு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, அது நாட்டுக்கே முன்னோடியான சட்டம். குழி வெட்டுவதைச் சட்டத்தால் செய்ய முடிந்தது. ஐப்பசிக்கு முன்பு ஒவ்வோர் ஆண்டும் வடிகட்டும் மணலையும் ஜல்லியையும் அள்ளிக் கழுவிப் போடுவது யார் வேலை என்பதுதான் பல வீடுகளில் நிலைபெறவில்லை.

ஐரோப்பாவிலேயே இப்போது சில நகரங்கள் சதுக்கத்தை மறுபடி நீர்க்கலமாக்கத் தொடங்கியிருக்கின்றன. 2011 ஜூலை 2 அன்று கோபன்ஹேகனில் சில மணி நேரத்தில் கொட்டித் தீர்த்த பேய்மழையில் தெருக்களும் நிலவறைகளும் மூழ்கின. நிலத்தடிச் சாக்கடைக் குழாய்களைப் பெரிதாக்கிக்கொண்டே போவது மட்டும் கட்டுப்படியாகாது என்று கணக்குப் பார்த்து, பூங்காக்களையும் தெருக்களையும் மழைநீர் தங்கும் இடங்களாக மாற்றும் திட்டத்தை நகராட்சி எடுத்துக்கொண்டது.

நெதர்லாந்தின் ராட்டர்டாம் கடல்மட்டத்துக்குக் கீழே பெரும்பகுதி கிடக்கும் நகரம். அங்கே பெந்தெம்பிளைன் என்ற சதுக்கத்தை 2013-இல் புதிதாக அமைத்தார்கள். மூன்று பள்ளமான தளங்கள். இரண்டு ஆழமில்லாதவை, சாதாரண மழைக்கே நிறையும். மூன்றாவது ஆழமானது, வெயில் நாட்களில் விளையாட்டு மைதானம், சுற்றிலும் உட்காரப் படிகள். பெருமழை வந்தால் மட்டும் அதில் நீர் இறங்கும். மூன்றும் சேர்ந்து சுமார் 17 லட்சம் லிட்டர் பிடிக்கும். சுற்றியுள்ள கூரைகளின் நீர் துருப்பிடிக்காத எஃகு வாய்க்கால்களில், எல்லோரும் பார்க்கும்படி, தரையின்மேலேயே ஓடி வருகிறது. எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று ஒரு சிறுவனும் பின்தொடர்ந்து நடந்து தெரிந்துகொள்ளலாம்.

இங்கே நீரைக் குடிப்பதற்காகச் சேர்க்கவில்லை. வெள்ளத்தைத் தணித்து, மெதுவாக மண்ணுக்கும் கால்வாய்க்கும் விடுவதற்காகச் சேர்க்கிறார்கள். நோக்கத்தில் இந்த வேறுபாடு உண்டு. ஆனால் சதுக்கத்தை வரைவதற்கு முன்பே வடிவமைப்பாளர்கள் அருகிலிருந்த கல்லூரி மாணவர்களையும் ஆசிரியர்களையும், பக்கத்துத் தேவாலயத்தாரையும், நாடகக் குழுவினரையும் கூட்டி வைத்துப் பேசினார்கள். சதுக்கத்தில் எதைச் செய்ய விரும்புகிறார்கள், நீர் எந்த அளவுக்குத் தங்கினால் அவர்களுக்குத் தொல்லையில்லை என்று கேட்டு, அதற்கேற்பத்தான் தளங்களின் ஆழத்தையும் படிகளின் இடத்தையும் வரைந்தார்கள். ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் அங்கே படியும் சேற்றையும் இலையையும் யாராவது அள்ளத்தான் வேண்டும். அந்தச் செலவும் உழைப்பும் வரும் ஐம்பது ஆண்டுகளுக்கு நகராட்சியின் கணக்கில் தொடர்ந்து இடம்பெற வேண்டும்.